வீடு போனால் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும்? காப்பீட்டுக்கான மறுகட்டுமானச் செலவைக் கணக்கிடுவது எப்படி

காப்பீட்டுக்காகக் கட்டடத்தை மதிப்பிடப் போகும் புதியவர்கள் டேப்பை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். அளவு சரியாகத்தான் இருக்கும், கடைசியில் வரும் தொகைதான் தப்பாக இருக்கும். எதை அளக்க வேண்டும், எந்தப் பரப்பில் ரேட்டைப் பெருக்க வேண்டும் என்று பாலிசிதான் சொல்கிறது. அதைப் படிக்காமல் அளந்தால் இரண்டாம் தடவை போக வேண்டியிருக்கும். கீழே உள்ளது தமிழ்நாட்டு வீடுகளுக்கும் சிறு கடை, குடோன்களுக்கும் பொருந்தும் முறை. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. எந்த மதிப்பு என்று முதலில் தெளிவாகுங்கள்

நமக்கு வேண்டியது ஒரே ஒரு தொகை: இந்த வீடு இன்றைக்கு முழுசாக அழிந்தால், இதே இடத்தில், இதே தரத்தில் திரும்பக் கட்ட என்ன செலவாகும்?

வீட்டுக்காரர் சொல்லும் தொகை பெரும்பாலும் வேறு ஏதாவதாக இருக்கும். விற்றால் வரும் விலையைச் சொல்வார், அதில் மனை விலையும் சேர்ந்திருக்கும். மனை தீப்பிடிக்காது, வெள்ளத்தோடும் போகாது. இன்னொருவர் பத்திரத்தில் போட்ட வழிகாட்டி மதிப்பைச் சொல்வார். வங்கிக்காக எடுத்த பாலிசியில் கடன் தொகையையே காப்பீட்டுத் தொகையாகப் போட்டிருப்பார்கள். அது எவ்வளவு கடன் வாங்கினார் என்பதைக் காட்டும், கட்டடத்தின் செலவை அல்ல.

சென்னை அடுக்குமாடி வீடுகளில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. வாங்கிய விலையில் கணிசமான பங்கு, பிரிக்கப்படாத மனைப் பங்குக்குத்தான் போயிருக்கும். அந்த விலைக்குக் காப்பீடு எடுத்தால் வருஷா வருஷம் மண்ணுக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டுகிறீர்கள்.

2. பாலிசியை எடுத்துப் படியுங்கள்

வீடு என்றால் இப்போது பெரும்பாலும் பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் இந்த ஒரே மாதிரிப் பாலிசியை வழங்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்தது. கடை, பட்டறை, அரிசி ஆலை போன்றவற்றில் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இருந்தால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை என்றால் பாரத் லகு உத்யம் சுரக்ஷா.

மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, எந்தப் பரப்பில் கணக்கு. வீட்டுப் பாலிசியில் கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை, கார்பெட் ஏரியாவை, அதாவது வெளிச்சுவர் நீங்கலான உள்பரப்பை, சதுர மீட்டரில் எடுத்து, பாலிசி தொடங்கும் நாளின் கட்டுமான ரேட்டால் பெருக்கி வருவது. இதில் ஒரு பொறி இருக்கிறது, 8ஆம் பகுதியில் வருகிறேன்.

இரண்டாவது, தேய்மானம் உண்டா. திரும்பக் கட்டும் செலவைத் தரும் பாலிசி என்றால் தேய்மானம் கழிக்கக் கூடாது. சந்தை மதிப்பு, அதாவது பழசாகிவிட்ட கட்டடத்தின் இன்றைய மதிப்பு, அடிப்படை என்றால் கழிக்க வேண்டும். கான்கிரீட் கட்டடத்துக்கு ஆயுள் 60 ஆண்டு, கடைசியில் மிஞ்சும் மதிப்பு 10 விழுக்காடு என்று வைத்தால், 20 வருஷக் கட்டடத்துக்கு 20 × 90 ÷ 60, அதாவது 30 விழுக்காடு கழியும். புதியவர்கள் பாலிசியைப் பார்க்காமல் பழக்கத்தில் தேய்மானத்தைக் கழித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியில் வீட்டுக்காரருக்குப் பத்துப் பன்னிரண்டு லட்சம் போய்விடும்.

மூன்றாவது, தொகை குறைந்தால் என்ன தண்டனை. 40 லட்சம் மதிப்புள்ள குடோனை 28 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருக்கிறார், 6 லட்சத்துக்குச் சேதம். விகிதப்படி கணக்குப் போட்டால் 6 × 28 ÷ 40, கையில் வருவது 4 லட்சத்து 20 ஆயிரம். 28 லட்சத்துக்குக் காப்பீடு இருக்கிறதே, 6 லட்சம் முழுசாக வரும் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். சூக்ஷ்ம, லகு பாலிசிகளில் குறைபாடு 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் விட்டுவிடுவார்கள். வீட்டுப் பாலிசியில் இந்த விகிதக் கழிவே கிடையாது. ஆனால் வீடு முழுசாகப் போனால் எழுதிய தொகைக்கு மேல் வராது, அதனால் அங்கேயும் அலட்சியம் கூடாது.

3. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

அனுமதி வரைபடத்தின் நகல், சொத்து வரி ரசீது, பழைய பாலிசி, கட்டியபோது போட்ட ஒப்பந்தம் இருந்தால் அது. வரைபடத்தை அப்படியே நம்ப வேண்டாம். அனுமதி வாங்கியது தரைத்தளத்துக்கு, நிற்பது மாடியும் மாடிமேல் ஓர் அறையும் என்பது நம் ஊரில் சகஜம். வித்தியாசம் இருந்தால் அறிக்கையில் எழுதுங்கள், மூடி மறைக்காதீர்கள். இழப்பு நேரும்போது சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயர் கேட்கும் முதல் காகிதங்களில் அதுவும் ஒன்று.

கருவிகள் அதிகம் வேண்டாம்: 30 மீட்டர் டேப், லேசர் மீட்டர், ஏணி, போன் கேமரா. ஏணியை ஏன் சொல்கிறேன் என்றால், கூரையைப் பார்க்காமல் எழுதிய மதிப்பீடுகளைத்தான் அதிகம் திருத்தியிருக்கிறேன்.

4. வெளியே இருந்து உள்ளே அளங்கள்

முதலில் வெளிச்சுவரின் வெளிப்புற அளவு. இதுதான் பிளிந்த் ஏரியா, மேஸ்திரி சொல்லும் சதுர அடி இதுவே. அப்புறம் ஒவ்வோர் அறையின் உள்ளளவு. உள்ளளவுகளோடு சுவர்த் தடிமனைக் கூட்டினால் வெளியளவு வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஓர் அளவு தப்பு, அங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.

உயரத்தை மறக்காதீர்கள். சதுர அடி ரேட் எல்லாம் 10 அடி உயர அறையை மனதில் வைத்தது. பழைய வீடுகளில் 12, 14 அடி இருக்கும். சுவர், பூச்சு, பெயின்ட் எல்லாம் கூடும், ஆனால் சதுர அடி கூடாது.

ஓட்டு வீட்டில் தரையை அளந்து அதையே கூரைப் பரப்பாகப் போடுவது மாதிரி ஒரு தவறு கிடையாது. கூரை சாய்ந்திருக்கிறது, சுவரைத் தாண்டியும் நீள்கிறது. 30 டிகிரி சாய்வு என்றால் தரைப் பரப்பை 1.155 ஆல் பெருக்க வேண்டும், இறவாரம் தனி. மங்களூர் ஓடு ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, ஏறக்குறைய 140 முதல் 150 வரை பிடிக்கும். கூடவே ஓட்டைத் தாங்கும் கைமரம், ரீப்பர் சட்டங்களின் அளவையும் இடைவெளியையும் குறியுங்கள். காசு பெரும்பாலும் மரத்தில்தான் இருக்கிறது.

அக்ரஹாரம், கடைத்தெரு மாதிரி ஒட்டிய வீடுகளில் பொதுச் சுவர் எது என்று கேளுங்கள். அதன் செலவில் பாதிதான் இவருடையது. லாரி உள்ளே வராத சந்து என்றால் அதையும் எழுதுங்கள். மணலும் ஜல்லியும் தெருமுனையில் இறங்கித் தலைச்சுமையாக வர வேண்டும், அந்தக் கூலி எந்தச் சதுர அடி ரேட்டிலும் இருக்காது.

5. எதனால் கட்டியது என்று எழுதுங்கள்

அளவு முடிந்ததும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி: அஸ்திவாரம், சுவர், தளம், மேல்தளத்தில் தட்டோடு உண்டா, கதவு நிலை தேக்கா வேம்பா, ஜன்னல் மரமா யுபிவிசியா, தரை கிரானைட்டா டைல்ஸா, எத்தனை குளியலறை. குளியலறை எண்ணிக்கைக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒரே பரப்புள்ள இரண்டு வீடுகளில் ஒன்றில் இரண்டு, இன்னொன்றில் நான்கு என்றால் செலவு எங்கேயோ போய் நிற்கும்.

அஸ்திவாரம் கண்ணுக்குத் தெரியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். டெல்டாவின் களிமண் நிலத்தில் ஆழமாகத் தூண் இறக்கி, அதாவது பைல் போட்டுக் கட்டிய வீட்டுக்கும், கெட்டித் தரையில் 5 அடி தோண்டிக் கட்டிய வீட்டுக்கும் ஒரே ரேட் பொருந்தாது.

இடையில் ஒரு சொல் பற்றி. நம் ஊரில் பேஸ்மென்ட் என்றால் தரைமட்டத்துக்கு மேல் வீட்டை உயர்த்திக் கட்டும் பகுதி. காப்பீட்டுப் படிவத்தில் பேஸ்மென்ட் என்றால் தரைக்குக் கீழே இருக்கும் தளம். “பேஸ்மென்ட் உண்டா?” என்ற கேள்விக்கு “உண்டு, 3 அடி” என்று பெருமையாக எழுதிய படிவத்தைப் பார்த்திருக்கிறேன். வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டியவரை வெள்ளம் புகும் வீட்டுக்காரராக ஆக்கிவிடும் பதில் அது.

6. சதுர அடி ரேட்டைக் கண்டுபிடியுங்கள்

ஒரே ஊரில் இப்போது வேலை நடத்திக்கொண்டிருக்கும் மூன்று பேரிடம் கேளுங்கள். போன வருஷம் கட்டி முடித்தவர் சொல்லும் தொகை பழைய ஒப்பந்த ரேட். கேட்கும்போது “சதுர அடி எவ்வளவு?” என்று மட்டும் கேட்டால் பயன் இல்லை. எதெல்லாம் அதில் அடக்கம் என்று கேட்க வேண்டும். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், போர், மின் இணைப்பு, எலிவேஷன் வேலை, ஜிஎஸ்டி ஆகிய ஏழும் பெரும்பாலும் வெளியே இருக்கும். போர்ட்டிகோவுக்கும் பால்கனிக்கும் பாதி ரேட் போடும் வழக்கமும் உண்டு.

பொதுப்பணித் துறையின் பிளிந்த் ஏரியா ரேட்டை ஒப்பிட வைத்துக்கொள்ளலாம். அடிப்படை ரேட்டை எடுத்துவிட்டு, தண்ணீர், கழிவுநீர், மின்சார வேலைகளுக்காகத் தனியாகச் சேர்க்க வேண்டியதை விட்டுவிடுவது புதியவர்களின் வழக்கமான பிழை. அட்டவணையின் கீழே இருக்கும் குறிப்புகளையும் படியுங்கள்.

வரி விஷயத்தில் பழைய எஸ்டிமேட்டைப் புதுப்பிக்கும்போது கவனம். சிமென்ட்டின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகிவிட்டது. கம்பிக்கு 18. வீட்டுக்காரர் இந்த வரியைத் திரும்பப் பெற முடியாது, ஆகவே அதுவும் செலவுதான், கழிக்காதீர்கள்.

ஒரு கணக்கு பார்ப்போம். தரைத்தளம் 35 × 30 அடி, 1,050 சதுர அடி. மாடி 30 × 20 அடி, 600. மொத்தம் 1,650 சதுர அடி, பதினாறரைச் சதுரம். ரேட் 2,300 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம், உங்கள் ஊர் ரேட் வேறாக இருக்கும். கட்டடம் மட்டும் 37,95,000 ரூபாய்.

7. பொருள் கணக்கால் அதைச் சோதியுங்கள்

மேலிருந்து வந்த தொகையைக் கீழிருந்து சரிபார்க்க வேண்டும். மூன்று பேரிடம் கேட்ட ரேட் மூன்றும் ஒரே மாதிரி தப்பாக இருக்கலாம். வேலை பிடிக்க வேண்டும் என்று குறைத்துச் சொல்லிவிட்டு, பாதியில் “எக்ஸ்ட்ரா” கேட்பவர்கள் உண்டு. சிமென்ட் மூட்டைகளை எண்ணிப் பார்க்கும்போது அது வெளியே வந்துவிடும்.

முதலில் மொத்தக் கணக்கு. சாதாரணத் தூண், பீம் வீட்டுக்குச் சதுர அடிக்கு 0.4 முதல் 0.45 மூட்டை சிமென்ட், மூன்றரை முதல் 4 கிலோ கம்பி. நம் வீட்டுக்கு 660 முதல் 740 மூட்டை, கம்பி 5.8 முதல் 6.6 டன்.

அப்புறம் ஒரு பாகத்தை மட்டும் முழுசாகப் போட்டுப் பாருங்கள், தளமே வசதி. 1,650 சதுர அடி, 5 அங்குலத் தடிமன்: 687 கன அடி, ஏறக்குறைய 19.5 கன மீட்டர். 1 : 1½ : 3 கலவைக்கு ஈரக் கான்கிரீட் 1 கன மீட்டர் வர, உலர்ந்த பொருள் 1.54 கன மீட்டர் வேண்டும். அதில் சிமென்ட் 8 மூட்டை, எம்-சாண்ட் 0.42, முக்கால் ஜல்லி 0.84 கன மீட்டர். ஆகத் தளத்துக்கு 156 மூட்டை, எம்-சாண்ட் 2.9 யூனிட், ஜல்லி 5.8 யூனிட். யூனிட் என்பது 100 கன அடி, 2.83 கன மீட்டர். தளக் கம்பியைக் கன மீட்டருக்கு 80 கிலோ என்று வைத்தால் 1,560 கிலோ. மொத்தக் கணக்கில் கால் பங்கை ஒட்டி வருகிறது. தூண், பீம், அஸ்திவாரம், லிண்டல், சுவர்க்கலவை, பூச்சு எல்லாம் மீதியில் அடங்குமா என்று பாருங்கள். அடங்கும் என்றால் கணக்கு சரியான பாதையில் இருக்கிறது.

வரைபடத்தில் கம்பி விவரம் இருந்தால் எடைக்கு விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுங்கள். 12 மில்லி கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ, 16 மில்லி 1.58 கிலோ.

செங்கல்லில் ஏமாறாதவர் குறைவு. தரைத்தள வெளிச்சுவர் 130 அடி நீளம், 10 அடி உயரம், கதவு ஜன்னலுக்கு 15 விழுக்காடு கழித்தால் 1,105 சதுர அடி. 9 அங்குலச் சுவர், ஆக 829 கன அடி, 8.3 யூனிட். 9 × 4½ × 3 அங்குலச் செங்கல், 10 மில்லி கலவை என்றால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 1,100. சூளையிலிருந்து வருவது 8¾ × 4¼ × 2¾ என்றால் யூனிட்டுக்கு 1,290 போல ஆகும். இந்த ஒரு தளத்து வெளிச்சுவரிலேயே 1,500 செங்கல் வித்தியாசம். ஆயிரம் செங்கல் என்ன விலை என்று கேட்பதற்கு முன், ஒன்றை எடுத்து அளந்து பாருங்கள்.

பொருள்களுக்கு இறக்குக்கூலியோடு சேர்ந்த விலையைப் போடுங்கள். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், செண்டரிங் எல்லாம் சேர்ந்த கூலி மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி நிற்கும். கதவு, டைல்ஸ், பாத்ரூம் சாமான் ஆகியவற்றை எண்ணிச் சேருங்கள். இரண்டு வழித் தொகைகளுக்கும் இடையில் 10 விழுக்காட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் விடலாம். மேலே போனால் சராசரி எடுத்துத் தப்பிக்காதீர்கள். ஏதோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அதைத் தேடுங்கள்.

8. கார்பெட் ஏரியாவுக்கு மாற்றும் இடம்

நான் முன்னே சொன்ன பொறி இதுதான். மேஸ்திரியின் ரேட் பிளிந்த் ஏரியாவுக்கு. வீட்டுப் பாலிசி கேட்பது கார்பெட் ஏரியா. வெளிச்சுவர், பால்கனி, வராந்தா, மொட்டை மாடி இதில் சேராது, உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர் சேரும்.

நம் வீட்டின் கார்பெட் ஏரியா 1,320 சதுர அடி என்று வைப்போம். அதை 2,300 ஆல் பெருக்கினால் 30,36,000. வீட்டின் செலவோ 37,95,000. ஏழரை லட்சத்துக்கு மேல் காணாமல் போய்விட்டது. இரண்டு எண்ணும் சரிதான், ஆனால் ஒன்றோடு ஒன்று சேரக் கூடாதவை.

சரியான வழி: மொத்தச் செலவைக் கார்பெட் ஏரியாவால் வகுத்து ரேட்டைக் கண்டுபிடியுங்கள். 37,95,000 ÷ 1,320 = 2,875 ரூபாய். சதுர மீட்டருக்கு மாற்ற 10.764 ஆல் பெருக்கினால் 30,946 ரூபாய். பரப்பு 122.6 சதுர மீட்டர். படிவத்தில் எழுத வேண்டியது இந்த இரண்டும். ஏஜென்ட் “ரேட் ஜாஸ்தியாக இருக்கிறதே” என்று கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

9. ரேட்டுக்குள் வராதவற்றைத் தனியாக எழுதுங்கள்

காம்பவுண்ட் சுவர், கேட், சம்ப், செப்டிக் டேங்க், கார் ஷெட், சோலார் பேனல் எல்லாம் வீட்டுப் பாலிசியில் கட்டடத்தோடு சேரக்கூடியவை. ஆனால் கூடுதல் கட்டுமானங்களாகத் தனித்தொகை எழுதியிருந்தால்தான் தகராறு வராது. சுவரை ஓட்ட அடிக்கு, தொட்டிகளை லிட்டருக்கு என்று கணக்கிடுங்கள்.

இடிபாடு அகற்றுவதற்கு இழப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு வரையும், பொறியாளர், சர்வேயர் கட்டணத்துக்கு 5 விழுக்காடு வரையும் வீட்டுப் பாலிசியே தருகிறது. அவற்றைக் கட்டடச் செலவில் மறுபடி சேர்க்க வேண்டாம். வேறு பாலிசி என்றால் விழுக்காடு மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம், தானாகவே சேரும். அதற்கு மேல் இருந்தால் பட்டியல் கொடுத்து எழுத வேண்டும்.

10. மெட்ராஸ் டெரஸ், செட்டிநாட்டு வீடுகள்

இங்கே சதுர அடி ரேட்டை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் நிறுத்திக் கட்டிய மெட்ராஸ் டெரஸை இன்று போடத் தெரிந்த ஆட்கள் குறைவு. பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு இவற்றுக்கெல்லாம் மேஸ்திரியிடம் ரேட் கிடையாது.

இரண்டு கணக்கு போடுங்கள். ஒன்று, அதே பொருளில் அதே மாதிரி கட்ட ஆகும் செலவு. இன்னொன்று, அதே பரப்பு, அதே உயரத்தில் இன்றைய கான்கிரீட்டில் கட்ட ஆகும் செலவு. இரண்டுக்கும் உள்ள தூரத்தை வீட்டுக்காரரிடம் காட்டி, அவருக்கு எது வேண்டும் என்று கேளுங்கள். அதே மாதிரிதான் வேண்டும் என்றால், கம்பெனி அந்த அடிப்படையை ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிய பிறகே தொகையைப் போடுங்கள். உத்தரம், தூண், கதவு ஒவ்வொன்றையும் நீளம், அகலம், தடிமனோடு எழுதிப் படம் எடுங்கள். தேக்கைக் கன அடியில்தான் விலை பேச முடியும்.

11. தேதி போடுங்கள், மறுபடி பாருங்கள்

அறிக்கையில் ரேட் எந்தத் தேதிக்கு என்பது முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். வீட்டுப் பாலிசியில் காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு 10 விழுக்காடு தானாக ஏறும், ஆகவே விலையேற்றத்துக்காக நீங்கள் ஊகித்துக் கூட்ட வேண்டியதில்லை. அந்த வசதி இல்லாத பாலிசிகளில், கட்டி முடிக்க ஆகும் காலத்துக்கும் சேர்த்து ஏற்றத்தைக் கணக்கில் எடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்த மாதிரி ஒரு மாவட்டமே கூரைக்கு ஆள் தேடும் சமயத்தில், பழைய கூலிக்கு யாரும் ஏணியில் ஏற மாட்டார்கள்.

அளவுத் தாள், படங்கள், விலை கேட்ட குறிப்பு மூன்றையும் அந்த வீட்டுக்கு வெளியே எங்காவது வையுங்கள். ஒரு வெள்ளத்துக்குப் பிறகு நான் போன வீட்டில் மதிப்பீட்டு அறிக்கை இருந்தது, பீரோவின் கீழ்த்தட்டில், கூழாக.

மாடி எடுத்தாலோ, மாடுலர் கிச்சன் போட்டாலோ, ஷெட் இறக்கினாலோ புதுப்பிக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே கூடுதல் பரப்பை அளந்து கம்பெனிக்கு எழுதி, பாலிசியில் எண்டார்ஸ்மென்ட், அதாவது மாற்றத்தைப் பதிந்த குறிப்பு, வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவரை அந்த மாடி பாலிசியின் கணக்கில் கிடையாது.